தண்டவாளத்துக்கு ஒரு கணக்கு, தார்ச்சாலைக்கு ஒரு கணக்கா?

இரயில் நட்டத்தில் ஓடுகிறதாம். சாலை நாட்டை வளர்க்கிறதாம்! இந்த இரண்டு பேச்சுகளையும் நாம் நாள்தோறும் கேட்கிறோம். அமைச்சர்கள் மன்றத்திலே சொல்கிறார்கள். முதலாளிகளின் ஏடுகள் தலையங்கத்திலே எழுதுகின்றன. படித்தவர்கள் தேநீர்க் கடையிலே திருப்பிச் சொல்கிறார்கள். பலர் பல முறை சொன்ன காரணத்தாலேயே அது உண்மையென்று ஊர் நம்பத் தொடங்கிவிட்டது. தோழர்களே! நம்புவதற்கு முன்னால் ஒரு முறை திருபுவனைப் பக்கம் வந்து பாருங்கள். பார்த்த பிறகு கணக்கைக் கையில் எடுங்கள்.

புதுவையிலிருந்து மேற்கே புறப்பட்டு, வில்லியனூர், அரியூர், கண்டமங்கலம், திருபுவனை, மதகடிப்பட்டு, வளவனூர் என்று ஊர் ஊராய்த் தொட்டு விழுப்புரம் சேருகிறது நெடுஞ்சாலை. 45-ஏ என்ற எண்ணோடு நெடுங்காலம் வழங்கி, இன்று 332 என்ற எண்ணைத் தாங்கி, நான்கு வழிச் சாலையாக அகன்று கிடக்கிறது. அந்தச் சாலைக்குத் துணையாக, சற்றே விலகியும் சற்றே நெருங்கியும், அதே புதுவையையும் அதே விழுப்புரத்தையும் இணைக்கிறது 38 கிலோமீட்டர் இருப்புப்பாதை. கண்டமங்கலத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கின்றன. வேறெங்கே கிடைக்கும் இப்படி ஒரு தராசு? ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு இரண்டு பாதைகள். எது மலிவு, எது மக்களுக்கு ஏற்றது என்று எடை போட்டுப் பார்க்க இயற்கையாகவே அமைந்த தராசு!

தராசின் ஒரு தட்டில் என்ன இருக்கிறது? சாலையில் கை நீட்டினால் பஸ் நிற்கிறது. லாரிகள் அணி அணியாய் ஓடுகின்றன. இரு சக்கர வண்டிகளில் கணவனும் மனைவியும் குழந்தையுமாய் மூவர் அமர்ந்து, லாரியின் சக்கரத்துக்கும் சாலையின் நடுச்சுவருக்கும் இடையே வழி தேடிப் போகிறார்கள். மற்றொரு தட்டில்? மின்கம்பி போட்ட அகலப்பாதை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகள் வருகின்றன, போகின்றன. மற்ற நேரமெல்லாம் அந்தத் தண்டவாளம் சும்மா கிடக்கிறது. கூட்டுறவு நூற்பாலை எழுந்த ஊர், தொழிற்பேட்டை அமைந்த ஊர், சோழர் காலத்துக் கோயிலைத் தாங்கி ஆயிரம் ஆண்டாக நிற்கும் ஊர் திருபுவனை. அந்த ஊருக்கென்று ஒரு நிலையம் கிடையாது. இரயிலேற வேண்டுமானால் சின்னபாபுசமுத்திரம் போக வேண்டும். போனாலும், ஆலையின் சங்குக்கும் வண்டியின் நேரத்துக்கும் பொருத்தம் இராது. பயன்படுத்த முடியாதபடி ஒரு பொருளை வைத்துவிட்டு, பயன்படுத்துவார் இல்லை என்று அந்தப் பொருளின் மேலேயே பழி போடுகிறார்கள்!

இந்தப் பாதை நேற்று முளைத்ததன்று. 1879-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பிரெஞ்சு மண்ணிலே ஒரு பகுதி, பிரிட்டிஷ் மண்ணிலே ஒரு பகுதியாக இரண்டு ஆதிக்கங்கள் கைகோத்துப் போட்ட பாதை. தென்னிந்திய இரயில்வே கம்பெனி வண்டி ஓட்டியது. மக்கள் மீது கொண்ட கருணையாலா போட்டார்கள்? தென்னார்க்காட்டுக் கொல்லைகளில் விளைந்த மணிலாக்கொட்டை மூட்டை மூட்டையாய்ப் புதுவைத் துறைக்கு வந்து, கப்பலேறி, மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. கம்பெனிக்காரன் தன் இலாபத்தைக் கணக்கிட்டான், தண்டவாளமே மலிவு என்று கண்டான், போட்டான். சுரண்ட வந்தவனுக்குத் தெரிந்த அந்தக் கணக்கு, நம்மை ஆளவந்தவர்களுக்குத் தெரியாமற் போனதுதான் விந்தை! 1954-இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்துப் போனார்கள். 1962-இல் அது சட்டப்படியும் நிறைவேறிற்று. மீட்டர் பாதை 2004-இல் அகலப்பாதை ஆயிற்று. மின்சாரமும் வந்தது. வராதது ஒன்றே ஒன்று: உழைக்கும் மக்களுக்கு ஏற்ற வண்டி.

இனி, கணக்குக்கு வருவோம்.

முதற் கணக்கு, போடுகிற செலவு. மரக்காணத்திலிருந்து புதுவைக்கு 46 கிலோமீட்டர் நான்கு வழிச் சாலை போட 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு 2,157 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 கோடி. நமது காரைக்காலைத் தொட்டுச் செல்லும் சட்டநாதபுரம் - நாகப்பட்டினம் சாலை 56 கிலோமீட்டர்; 2021 பிப்ரவரியில் பிரதமர் புதுவைக்கு வந்து அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பு 2,426 கோடி. கிலோமீட்டருக்கு 43 கோடி. இப்போது இருப்புப்பாதைக்கு வாருங்கள். திருப்பதியிலிருந்து பாகாலா வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் அதே அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு 1,332 கோடி. கிலோமீட்டருக்கு 13 கோடிகூட ஆகவில்லை!

இருக்கிற பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை போடுவது எளிது, புதிய நிலம் எடுத்துப் புதிய பாதை போட்டால் செலவு கூடும் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் புதுவை - விழுப்புரம் பாதை இருக்கிற பாதைதானே! காட்பாடிக் கணக்கையே இங்கே பொருத்திப் பார்த்தால், 38 கிலோமீட்டரையும் இரட்டைப் பாதையாக்க 490 கோடிக்குள் அடங்கும். மரக்காணம் சாலையில் பத்தரைக் கிலோமீட்டர் போடுகிற பணம் அது. பத்தரைக் கிலோமீட்டர் சாலைக்கு ஆகிற செலவில், புதுவை முதல் விழுப்புரம் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விடத்தக்க பாதை! இந்த ஒப்பீட்டை எந்த அமைச்சராவது உங்களிடம் சொன்னதுண்டா?

'சாலை தனியார் முதலீடு. அரசுக்குச் சுமை இல்லை' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். மரக்காணம் சாலைக்கு அவர்கள் வகுத்த முறையைப் பாருங்கள். கட்டும்போதே செலவில் நூற்றுக்கு 40 பங்கை அரசு கொடுத்துவிடுகிறது. மீதியை 15 ஆண்டுத் தவணையாக, வட்டியோடு, அரசே கொடுக்கிறது. ஒப்பந்தக்காரர் போட்ட பணம் வட்டியோடு திரும்புகிறது. நம் பணம் சாலையிலே கிடக்கிறது. அதன் மேல் ஏறிச் செல்ல மீண்டும் நம்மிடமே சுங்கம் கேட்கிறார்கள். புதுவை - விழுப்புரம் சாலை அகலமானதும் கெங்கராம்பாளையத்தில் சுங்கச்சாவடி எழுந்ததே, நினைவிருக்கிறதா? முன்பு வரி கட்டிப் போட்ட சாலை, பின்பு சுங்கம் கட்டி நடக்கும் சாலை!

இரண்டாம் கணக்கு, ஓட்டுகிற செலவு. எட்டுப் பெட்டி கொண்ட ஒரு மின்சார வண்டியில், நிற்பவர்களை விட்டுவிட்டு, அமர்ந்து செல்பவர்களை மட்டும் எண்ணினால் 600 பேருக்குக் குறையாது. அதே 600 பேரைச் சாலையில் கொண்டுபோக 12 பஸ்கள் வேண்டும். 12 ஓட்டுநர், 12 நடத்துநர் வேண்டும். 12 பஸ்களுக்கும் டீசல் வேண்டும். சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 58 பெட்டி கோத்த ஒரு சரக்கு வண்டி 3,500 டன்னுக்கு மேல் இழுக்கும். இருபது டன் ஏற்றும் லாரியானால் 175 லாரிகள் வரிசையாய் நிற்க வேண்டும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது எழுகிற தடை, இரப்பர்ச் சக்கரம் தார்ச்சாலையில் உருளும்போது எழுகிற தடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. தள்ளுவண்டி தள்ளிப் பிழைக்கிறவரைக் கேளுங்கள். மண்பாதைக்கும் சிமெண்டுத் தரைக்கும் உள்ள வேற்றுமையை அவர் தோள் சொல்லும். இந்த நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலே வாங்குகிறது. மின்சாரத்தில் ஓடத்தக்க சுமையை டீசலில் ஓட்டுவது, வீட்டுக் கிணற்றை மூடிவிட்டுத் தெருவிலே தண்ணீர் விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும்.

இந்த வேற்றுமை தொழிலாளியின் மடியில் எப்படி வந்து விழுகிறது என்று பாருங்கள். விழுப்புரத்திலிருந்து புதுவைக்குச் சாதாரண இரயில் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் 2018 சனவரியில் வகுத்த வீதப்படி சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு. அந்தத் தொலைவுக்கு 22 ரூபாய். போக, வர என்று மாதம் 26 நாள் வைத்துக்கொண்டால் இரயிலில் 520 ரூபாய், பஸ்ஸில் 1,144 ரூபாய். பருவச்சீட்டு எடுத்தால் இரயில் செலவு இன்னும் குறையும். மாதம் 600 ரூபாய்க்கு மேல் வேற்றுமை! ஆலைத் தொழிலாளி வீட்டிலே அது அரிசி, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், தாய்க்கு மருந்து. அந்த மலிவான கட்டணத்தையும் அவர்கள் விட்டு வைத்தார்களா? 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டிச் சாதாரண வண்டிகளை நிறுத்தினார்கள். பிறகு அதே வண்டிகளை 'விரைவு', 'சிறப்பு' என்று பெயர் மாற்றி விட்டு, 10 ரூபாய்க் குறைந்த கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. மூன்று மடங்கு கொடுத்தும் வண்டி விரைந்ததா? பெயர்ப் பலகைதான் விரைந்தது! முதியோர் சலுகையும் அந்த 2020-ஆம் ஆண்டிலேதான் பறிக்கப்பட்டது.

மூன்றாம் கணக்கு, ஏட்டில் எழுதுகிற முறை. தோழர்களே, சூது இருப்பது இங்கேதான். 'ஒரு பயணிக்கு 100 ரூபாய் செலவானால் அவர் 54 ரூபாய்தான் தருகிறார். 46 ரூபாய் நாங்கள் மானியம் தருகிறோம்' என்று இரயில்வே அமைச்சர் மன்றத்திலே சொன்னார். 2022-23-இல் அப்படித் தந்தது 56,993 கோடி என்றும் சொன்னார். சரி, அந்தச் செலவில் எதெல்லாம் அடங்கும்? தண்டவாளம் போட்டது, பராமரிப்பது, பாலம், நிலையம், சைகைக் கம்பம், காவல் படை, ஓய்வுபெற்ற தொழிலாளியின் ஓய்வூதியம் ஆகிய அத்தனையும் இரயில்வேயின் ஏட்டிலே செலவாக ஏறும். இரயில்வேக்கென்று தனி நிதிநிலை அறிக்கை 1924-இல் தொடங்கி, 2017-இல் பொது அறிக்கையோடு சேர்க்கப்படும் வரை, அது தான் பெற்ற மூலதனத்துக்குப் பொதுக் கருவூலத்துக்கு ஆண்டுதோறும் பங்காதாயமும் கட்டி வந்தது.

சாலைக்கு அப்படி ஓர் ஏடு உண்டா? திருபுவனை வழியே போகும் சாலை தனக்குப் போட்ட மூலதனத்துக்குக் கருவூலத்துக்குப் பங்காதாயம் கட்டியதுண்டா? சாலைக் காவலரின் சம்பளம் எந்த ஏட்டில்? விபத்தில் கால் இழந்தவருக்குப் பொது மருத்துவமனையில் ஆன செலவு எந்த ஏட்டில்? மகனைப் பறிகொடுத்த குடும்பம் வட்டிக்கு வாங்கிய கடன் எந்த ஏட்டில்? ஒன்றும் ஒன்றிலும் இல்லை. ஒருவனுடைய வீட்டுச் செலவை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, மற்றவனுடைய செலவை எழுதாமலே விட்டுவிட்டு, 'இவன் ஊதாரி, அவன் சிக்கனக்காரன்' என்று தீர்ப்புச் சொன்னால் அது நீதியா? தண்டவாளத்துக்கு ஆகிற பணத்துக்கு 'மானியம்' என்று பெயர். தார்ச்சாலைக்கு ஆகிற பணத்துக்கு 'முதலீடு' என்று பெயர். பெயரை மாற்றி எழுதுங்கள், நட்டமும் இடம் மாறிவிடும்!

'லாரி வரி கட்டுகிறதே, டீசல் மேல் தீர்வை கட்டுகிறதே, சுங்கமும் கட்டுகிறதே' என்று கேட்பவர் உண்டு. கட்டுகிறது, ஆனால் தான் செய்கிற சேதத்துக்கு ஏற்பக் கட்டுகிறதா? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டி ஒரு பெரும் சோதனை நடத்தினார்கள். அச்சின் மேல் ஏறும் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கன்று, ஏறத்தாழ பதினாறு மடங்கு என்று கண்டார்கள். அந்த விதியைத்தான் இன்றும் உலகெங்கும் சாலைப் பொறியாளர் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அப்படியிருக்க, 2018 சூலையில் ஒன்றிய அரசு என்ன செய்தது? நான்கு சக்கரம் பூட்டிய ஓர் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த வரம்பை 11.5 டன் ஆக்கிற்று. ஏற்றியது எட்டில் ஒரு பங்குச் சுமை; முழுச்சுமை ஏற்றி ஓட்டினால் அந்த விதிப்படி சாலைக்கு ஏறும் சேதமோ நூற்றுக்கு 60 பங்கு! அந்தச் சேதத்தைச் செப்பனிடும் பணத்தில், மொபெட்டுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போடுகிற கொத்தனாரின் தீர்வையும் அடங்கியிருக்கிறது. மொபெட்டு சாலையைக் கெடுக்குமா? கெடுப்பவன் ஒருவன், தண்டம் கட்டுபவன் வேறொருவன்.

லாரி ஓட்டும் தோழரை நாம் குறை சொல்லவில்லை. அவரும் தொழிலாளி, இரவு கண் விழித்து, வீட்டை மறந்து, பிறர் சரக்கைச் சுமப்பவர். அவருடைய தூக்கத்தையும் சேர்த்து விலைக்கு வாங்குகிற முறையைத்தான் குறை சொல்கிறோம்.

நான்காவது கணக்கு, இரத்தக் கணக்கு. இதை எழுதக் கை நடுங்குகிறது. எழுதாமலும் இருக்க முடியாது. 2022-ஆம் ஆண்டில் இந்த நாட்டின் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அரசே வெளியிட்ட எண்ணிக்கை இது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். 2023 சூன் 2-ஆம் நாள் ஒடிசாவில் பாலசோர் அருகே இரயில்கள் மோதி 290 பேருக்கு மேல் மாண்டபோது நாடே அழுதது, அழ வேண்டியதுதான், பொறுப்பாளிகளைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் தோழர்களே, சாலையில் ஒவ்வொரு நாளும் ஒரு பாலசோருக்கு மேல் நடக்கிறதே! அதற்கு அழுதது யார்? சாவு ஒரே இடத்தில் குவியாமல் ஊருக்கு ஒன்றாய்ச் சிதறி விழுந்தால் சாவில்லை என்று ஆகிவிடுமா? தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டும், நெரிசலில் வண்டியிலிருந்து விழுந்தும் மாள்பவர்கள் உண்டு. அவர்களையும் நாம் மறக்கவில்லை. அந்தச் சாவைத் தடுக்கும் மருந்து, கூடுதல் வண்டியும் நடைமேம்பாலமும். சாலைச் சாவைத் தடுக்கும் மருந்திலும் அந்தக் கூடுதல் வண்டியே முதலிடம் பெறும்.

இவ்வளவும் புதிதாய்க் கண்டுபிடித்த செய்தி அன்று. மோட்டார் வண்டிக்கும் இரயிலுக்கும் இடையே எழுந்த போட்டியை ஆராய 1932-இல் வெள்ளை ஆட்சியே மிச்செல், கிர்க்னஸ் என்ற இருவரைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பின், சாலையையும் இரயிலையும் ஒருமித்து இயக்குவது எப்படி என்று நியோகி குழு ஆராய்ந்து 1966-இல் அறிக்கை தந்தது. கேள்வி பழையது, பதிலும் பழையது: இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார், எதற்கு எது ஏற்றதோ அதைச் செய் என்பதே அது. செய்தார்களா? 1950-51-இல் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இரயிலில் போயிற்று. 2020-இல் வெளியான தேசிய இரயில் திட்டம், அது 27 பங்காகத் தேய்ந்துவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டு, 2030-க்குள் 45 ஆக்குவோம் என்று உறுதி கூறிற்று. தேய்த்தவர்களே வளர்ப்போம் என்கிறார்கள்! வளர்ப்பதற்கு வழி என்ன? பயணிகள் வண்டியின் பற்றாக்குறையை ஈடுகட்டச் சரக்குக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். சரக்கு லாரிக்கு ஓடிவிடுகிறது. சரக்கு ஓடியதால் பற்றாக்குறை இன்னும் பெருகுகிறது. குட்டையைக் கலக்கிவிட்டு மீனைக் காணோம் என்கிற கதை!

உலகம் என்ன செய்தது என்று பாருங்கள். பிரிட்டனில் 1963-இல் பீச்சிங் என்பவர் ஓர் அறிக்கை தந்தார். நட்டம், நட்டம் என்று சொல்லி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னார். அவரை அமர்த்திய போக்குவரத்து அமைச்சர் மார்ப்பிள்ஸ், சாலை போடும் கம்பெனி ஒன்றை நிறுவியவர்! யாருக்காக யார் மூடினார் என்பதை விளக்கவும் வேண்டுமா? ஸ்காட்லாந்தில் 1969-இல் மூடிய பாதை ஒன்றின் ஒரு பகுதியை 2015-இல் பெரும் செலவில் மீண்டும் போட்டுத் திறந்தார்கள். நம் ஊர்க் கதையும் அதுதான். 1898-இல் போட்ட பேரளம் - காரைக்கால் பாதையை 1980-களில் மூடினார்கள். தலைமுறை ஒன்று கழிந்து, கோடிகளைக் கொட்டி அகலப்பாதையாக அதை மீண்டும் போட நேர்ந்தது. மூடும்போது சொன்ன சிக்கனம் எங்கே போயிற்று?

சுவிட்சர்லாந்தோ வேறு வழி கண்டது. 2001 முதல் கனரக லாரிகளுக்கு எடையையும் ஓடிய தொலைவையும் சேர்த்து அளந்து கட்டணம் வாங்கினார்கள். அந்த வருவாயின் பெரும்பகுதியை இரயிலுக்குத் திருப்பினார்கள். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 57 கிலோமீட்டர் நீளத்தில் 2016-இல் திறந்த கோத்தார்டு சுரங்கப்பாதைக்கு அந்தப் பணமும் உதவிற்று. புதுவையை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சிலே, 2002 முதல் உள்ளூர் வண்டிகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு வட்டார மன்றங்களுக்கு வந்தது. எந்த ஊருக்கு எத்தனை வண்டி என்று மன்றம் தீர்மானிக்கிறது. அதற்கான பணத்தையும் பொதுநிதியிலிருந்து கொடுக்கிறது. அங்கே அதைப் பொதுப்பணி என்கிறார்கள்; இங்கே அதே செலவைப் பயணியின் தலையிலே சுமத்தி, மானியம் என்று சொல்லிக் காட்டுகிறார்கள்.

டில்லியின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்குக் கிழக்குக் கடற்கரைப் பாதையே சாட்சி. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுவை வழியாகக் கடலூருக்கு 179 கிலோமீட்டர் புதிய இரயில் பாதை 2008-09-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பின் நிதிநிலை அறிக்கைகளில் அதற்குக் கிடைத்தது என்ன? ஆயிரம் ரூபாய் என்ற அடையாளத் தொகை எழுதிய ஆண்டுகளும் உண்டு! ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை சல்லிக் கல் வரும்? ஆனால் அதே கடற்கரையில் மரக்காணம் - புதுவைச் சாலைக்கு மட்டும் 2,157 கோடி! அந்தப் பாதை இல்லாத காரணத்தால், புதுவைக்கும் கடலூருக்கும் இடையே பாகூர் வட்டாரத்து மக்களுக்கு இரயில் என்பதே எட்டாக்கனி. புதுவையிலிருந்து பக்கத்துக் கடலூருக்கு இரயிலிலே போக விரும்புகிறவர், மேற்கே விழுப்புரம் போய், அங்கிருந்து மீண்டும் கிழக்கே திரும்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை இருப்புப்பாதையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்!

'இரயில் வாசலுக்கு வருமா? சாலைதானே வரும்?' என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நியாயமான கேள்வி; நேராகவே பதில் சொல்வோம். இரயில் வாசலுக்கு வராது. வயலிலிருந்து சந்தைக்கும், வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டுபோகச் சாலை வேண்டும். நல்ல சாலை வேண்டும். பாகூரின் ஏரிக்கரைப் பாதையும், மண்ணாடிப்பட்டுக் கொம்யூனின் ஊர்ச் சாலைகளும் செப்பனிடப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. சாலையை நாம் எதிர்க்கவில்லை. சாலை செய்ய வேண்டிய வேலையைச் சாலையும், தண்டவாளம் செய்ய வேண்டிய வேலையைத் தண்டவாளமும் செய்யட்டும் என்கிறோம். பஸ் நிலையத்தோடு போட்டி போடாமல் நிலையத்துக்கு ஆள் சேர்க்கட்டும். ஒரு சீட்டில் இரண்டிலும் ஏறலாம் என்றாகட்டும். கையும் காலும் ஒரே உடலின் உறுப்புகள். கைக்கு மட்டும் சோறிட்டுக் காலைப் பட்டினி போட்டால் உடல் நடக்காது.

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பது நான்கே நான்கு. ஒன்று: புதுவை - விழுப்புரம் பாதையை இரட்டைப் பாதையாக்கு, ஆலைகளும் கல்லூரிகளும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் பார்த்துக் குட்டி வண்டிகளை அடுத்தடுத்து விடு, திருபுவனை மக்கள் நடந்து வந்து ஏற ஒரு நிறுத்தம் அமை. இரண்டு: கிழக்குக் கடற்கரைப் பாதைக்கு ஆயிரம் ரூபாய் எழுதும் கேலிக்கூத்தை நிறுத்தி, வேலையைத் தொடங்கப் பணம் ஒதுக்கு. மூன்று: கனரக லாரிகள் செய்கிற சேதத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கு, அதை இரயிலுக்குச் செலவிடு, கொத்தனாரின் மொபெட்டை விட்டுவிடு. நான்கு: சாலைக்கும் இரயிலுக்கும் ஒரே ஏடு போடு, நிலத்தின் விலை, எரிபொருள், வட்டி, மருத்துவமனைச் செலவு, போன உயிர் அத்தனையும் அந்த ஏட்டில் ஏறட்டும், அந்த ஏட்டை மக்கள் முன் வை.

இந்த நான்காவது கோரிக்கைக்குத்தான் அவர்கள் மிகவும் அஞ்சுவார்கள். முதல் மூன்றுக்கும் 'பணம் இல்லை' என்று பதில் சொல்லிவிடலாம். ஏடு திறந்துவிட்டால் அந்தப் பதிலும் பொய்யாகிவிடும். பணம் இருந்தது, எங்கே போயிற்று என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்திலே இந்தக் கணக்கைப் படியுங்கள். தொழிற்பேட்டை வாயிலில், மதகடிப்பட்டுச் சந்தையில், வில்லியனூர்க் கடைத்தெருவில் இதைப் பேசுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும், சாலைக்குக் கிலோமீட்டருக்கு 47 கோடி கொடுத்த உங்களுக்குத் தண்டவாளத்துக்கு 13 கோடி கொடுக்க மனம் வராதது ஏன் என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும் வரை வழி விடாதீர்கள்.